பொன் வாரத்தில் ஓர் ஆசிரியர்

நேயர்களுக்கு வணக்கம்.

சீனாவின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் சியாமென் நகரில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் என்னிடம், அந்த நாட்டின் அக்டோபர் விடுமுறையில் ஊர் சுற்றிய கதையைச் சொல்லுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள்.

1949 அக்டோபர் 1 அன்று மக்கள் சீனக் குடியரசு பிறந்தது. அந்த நாளையொட்டி வரும் ஒரு வார விடுமுறைக்குப் ‘பொன் வாரம்’ என்று பெயர். 1999இல் தொடங்கிய ஏற்பாடு இது. ஆசிய நாடுகளின் பணச் சந்தைகள் சரிந்து கிடந்த காலம்; மக்கள் சேர்த்து வைத்திருக்கும் காசை வெளியே எடுத்துச் செலவழிக்க வேண்டும் என்று அரசு விரும்பியது. ஏழு நாள் என்கிறார்களே தவிர, 2024இல் சட்டப்படியான தேசிய நாள் விடுமுறை மூன்றே நாள்தான். மற்ற நான்கில் இரண்டு அந்த வாரத்துச் சனி, ஞாயிறே; மீதி இரண்டும் அக்கம்பக்கத்துச் சனி, ஞாயிறுகளிடமிருந்து வாங்கிய கைமாற்று. திருப்பித் தந்தே ஆகவேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 29 ஞாயிற்றுக்கிழமையும் அக்டோபர் 12 சனிக்கிழமையும் வேலை நாட்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆங்கில இலக்கணம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கடனின் வட்டி தெரியும்.

இந்த வாரத்தில் எங்கே போனாலும் கூட்டம்தான். அதற்கு முந்தைய ஆண்டு ஷாங்காய் போயிருந்தேன். ஆற்றங்கரையில் ‘பண்ட்’ என்ற புகழ்பெற்ற வீதி இருக்கிறது. அதற்கு இட்டுச்செல்லும் நான்ஜிங் சாலையில் மாலையானால் சீருடைக் காவலர்கள் சாலையின் குறுக்கே தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்பார்கள். வாகனங்களுக்குப் பச்சை விளக்கு என்றால் அந்த மனிதச் சுவர் மூடிக்கொள்ளும். நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்ததும் விசில் ஊதும்; சுவர் கதவுபோலத் திறக்கும்; ஆயிரக்கணக்கானவர்கள் கடந்து போவார்கள்; மறுபடி மூடும். பக்கத்து மெட்ரோ நிலையத்தில் ரயில் நிற்காமலே போய்விடும். கெடுபிடி அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. 2014 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டை வரவேற்க அதே ஆற்றங்கரையில் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 36 பேர் இறந்தார்கள். கூட்டத்தை அளந்து விடுவதன் அருமை அந்த ஊருக்குத் தெரியும்.

2024இல் தொலைவாகப் போகவில்லை. சியாமெனிலிருந்து அரை மணி நேர அதிவேக ரயில் தூரத்தில் சுவான்சூ நகரம். டிக்கெட் பதினைந்து நாள் முன்பே விற்பனைக்கு வரும். பாஸ்போர்ட் எண்ணைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் இருக்கைகள் தீர்ந்திருக்கும். எனக்குக் கிடைத்தது நின்றுகொண்டு போகும் டிக்கெட். கட்டணம் மட்டும் இருக்கைக்கு உள்ளதேதான்.

சுவான்சூவில் இறங்கியதும் நமக்கு ஊர் நினைப்பு வரும். பெண்கள் எல்லோரும் தலை நிறையப் பூ வைத்திருக்கிறார்கள். கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூச்சரம், நடுவில் ஒரு நீண்ட ஊசி. பக்கத்தில் சுன்பு என்ற மீனவக் கிராமத்துப் பெண்களின் வழக்கம் இது. இணையத்தில் படங்கள் பரவிய பிறகு, பெய்ஜிங்கிலிருந்து வருபவர்களும் கடையில் உட்கார்ந்து காசு கொடுத்துப் பூ வைத்துக்கொள்கிறார்கள். முழம் போட்டு வாங்கும் வழக்கம் அங்கே இல்லை; தலைக்கு இவ்வளவு என்று கணக்கு.

கையுவான் கோயில் கி.பி. 686இல் தோன்றிய பௌத்தக் கோயில். அதன் இரட்டைக் கற்கோபுரங்களின் முன்னே படம் எடுப்பவர்களின் வரிசைக்கு முடிவே இல்லை. நான் நேராக முதன்மை மண்டபத்தின் பின்புறம் போனேன். அங்கே இரண்டு கல்தூண்கள். ஒன்றில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். மற்றோரிடத்தில் உரலை இழுத்துக்கொண்டு மருத மரங்களுக்கு நடுவே குழந்தைக் கண்ணன். சீனக் கல்தச்சனின் கை பட்டதால் முகங்கள் கொஞ்சம் அந்நியம், கதை நம்முடையதே. இங்கே தமிழ் வணிகர்கள் குடியிருந்தார்கள். 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவன் கோயில் எழுப்பியதைத் தமிழில் சொல்லும் கல்வெட்டே இந்த ஊரில் கிடைத்திருக்கிறது. கோயில் அழிந்தபின் அதன் கற்கள் ஊரெங்கும் போயின. சில இந்த மண்டபத்துக்கு வந்தன. நான் நின்ற நேரத்தில் ஒரு குடும்பம் அந்தத் தூணில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தது. அவர்களைக் கொஞ்சம் நகரச் சொல்லித்தான் நரசிம்மரைப் பார்த்தேன்.

வெளிநாட்டு ஆசிரியர்கள் கூடினால் இந்த வாரத்து நெரிசலைப் பற்றிப் புலம்புவார்கள். அந்தப் புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. சீனச் சட்டப்படி, ஓராண்டு முடித்து இன்னும் பத்தாண்டு வேலை நிறைவு செய்யாத தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு ஐந்தே நாள். இருபதாண்டு கடந்தவருக்குப் பதினைந்து. ஊரைப் பார்க்க அவர்களுக்கு இந்த வாரத்தை விட்டால் வேறு வாரம் ஏது? எந்த மாதமும் போகக்கூடிய நாம்தான் அவர்கள் இடத்தை அடைக்கிறோம்.

திரும்பும் ரயிலிலும் நின்றபடிதான் பயணம். பக்கத்தில் நின்றவர் சுவான்சூவை அடுத்த ஜின்ஜியாங்கில் செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி. குய்சோ மாகாணத்து மலைக்கிராமத்திலிருந்து அப்பாவையும் அம்மாவையும் வரவழைத்திருக்கிறார். இருவரும் கடலையே பார்த்ததில்லையாம். சியாமென் கடற்கரையில் எந்தப் பக்கம் மணல் நன்றாக இருக்கும் என்று கேட்டார். சொன்னேன். “லாவ்ஷி, உங்களுக்கு எத்தனை நாள் விடுமுறை?” என்றார். லாவ்ஷி என்றால் ஆசிரியர். ஏழு நாள் என்றேன். கோடையில் வரும் இரண்டு மாதத்தைப் பற்றியும், சீனப் புத்தாண்டான வசந்த விழாவையொட்டி வரும் ஒரு மாதத்தைப் பற்றியும் நான் வாயே திறக்கவில்லை.

வணக்கம்.