அடிக்கும் அடிக்கும் நடுவே: எனக்குப் பிடித்த ஹார்ட் ராக் பாடல்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தென்னாப்பிரிக்க டர்பனில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் ஒருவனைக் கூப்பிட்டு, மின்கிட்டாரும் டிரம்ஸும் ஓங்கி ஒலிக்கிற ஹார்ட் ராக் பாடல்களைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்ட வானொலி நிலையத்தாருக்கு முதலில் நன்றி. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் கேட்டுக்கொண்டிருக்கிற பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெறும் இரைச்சல் என்று வானொலியை அணைத்துவிட வேண்டாம். இந்த இசையில் நான் கண்டது ஒன்றே ஒன்றுதான், அதைச் சொல்லத்தான் வந்தேன். நல்ல ஹார்ட் ராக் பாட்டின் கனம், இரண்டு அடிகளுக்கு நடுவே விடுகிற இடத்தில் இருக்கிறது. ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டாலும் அந்தக் கனம் அப்படியே இருக்கும். தாளம் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும்.

முதலில் 1970-க்குப் போவோம். பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து நான்கு இளைஞர்களின் குழு, பிளாக் சாபத், தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. குழுவின் பெயரையே கொண்ட முதல் பாட்டு, மழைச் சத்தத்தோடும் மணியோசையோடும் தொடங்கும். அப்புறம் கிட்டார் மூன்று சுரம் வாசிக்கும். கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அங்கிருந்து இறங்கி பிரதி மத்திமம், அதாவது உயர்ந்த 'ம'. அவ்வளவுதான். ஸட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள இந்தத் தூரத்தை மேற்கே 'இசையில் சாத்தான்' என்றே அழைத்திருக்கிறார்கள். நமக்கு அது வீட்டுச் சுரம். மேளகர்த்தா என்கிற 72 தாய் ராகங்களில் 36 பிரதி மத்திம ராகங்கள். கல்யாணி ராகம் படிக்கிற எந்தப் பிள்ளையும் தினமும் அதைத் தொடுகிறது. ஆனால் கல்யாணியில் அந்த மத்திமம் பஞ்சமத்தின் மேல் போய்ச் சாய்ந்துகொள்ளும். இவர்கள் பஞ்சமத்தில் போய் இளைப்பாறுவதில்லை. பிரதி மத்திமத்தை ஒரு நடுக்கத்தோடு அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். பயம் அந்தக் காத்திருப்பில்தான் பிறக்கிறது.

அந்தக் கிட்டாரை வாசித்த டோனி அயோமியைப் பற்றி ஒரு சேதி சொல்ல வேண்டும். அவர் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினேழு வயதில், அந்த வேலையின் கடைசி நாளன்று, இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியையும் எடுத்துவிட்டது. அவர் இடக்கையால் மீட்டுகிறவர், அதனால் போனது கம்பியை அழுத்துகிற விரல்கள். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டி, திரும்ப வாசிக்க ஆரம்பித்தார். மெல்லிய கம்பிகளைத் தேடிப் போட்டார். 1971-இல் வந்த மூன்றாவது இசைத்தட்டில், சில பாட்டுகளுக்குச் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கிவிட்டார். சுருதி இறங்கினால் கம்பி தொய்கிறது, தொய்ந்த கம்பி மெதுவாக அதிர்கிறது, ஒலி பருத்துப்போகிறது. உலகம் முழுக்க 'ஹெவி' என்று சொல்கிற அந்த நாதம் பெரிய அளவில் ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து வந்தது. கரும்பாலையிலும் துணி ஆலையிலும் செருப்பு ஆலையிலும் உழைத்து வளர்ந்த நம் சமூகத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. என் பெரியப்பாவின் இடக்கையில் இரண்டு விரல் பாதிதான் இருந்தது. அந்தக் கையோடுதான் கோயிலில் உறுமி வாசித்தார்.

அடுத்தது, கிட்டார் கையில் எடுத்த எல்லாரும் முதலில் வாசித்துப் பார்க்கிற பாட்டு. டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. 1971 டிசம்பர் 4-ஆம் தேதி, சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக் கரையில் உள்ள மோன்த்ரோ நகரத்துச் சூதாட்ட மாளிகையில் அமெரிக்க ராக் கலைஞர் ஃப்ராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒருவர் தீப்பொறித் துப்பாக்கியைச் சுட, கட்டடமே எரிந்து போனது. அதே மாளிகையில் ஒலிப்பதிவு செய்யவிருந்த டீப் பர்ப்பிள், ஏரிமேல் புகை படர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்ததை அப்படியே பாட்டாக்கினார்கள். 1972-இல் இசைத்தட்டு வந்தது.

அதன் தொடக்கத்தை நம் சுரத்தில் சொல்கிறேன், ஆர்மோனியப் பெட்டி இருந்தால் வாசித்துப் பாருங்கள். ஸ க ம. நிறுத்தம். ஸ க மி ம. நிறுத்தம். ஸ க ம, க ஸ. சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம். இரண்டாவது தடவை மட்டும் பிரதி மத்திமம் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கும். பிளாக் சாபத் பாட்டில் பார்த்த அதே சுரம், இங்கே மின்னி மறைகிறது. முதலில் கிட்டார் தனியாக இதை வாசிக்கும். பிறகு மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும், பாஸ் கடைசியில். அந்த நிறுத்தங்களில் உங்கள் கால் தானாகத் தாளம் போடும். நிறுத்தத்தை விட்டுவிட்டு ஒரே ஓட்டமாக வாசித்துப் பாருங்கள், பாட்டு செத்துவிடும். என் மாணவர்களிடம் அரைக்கால் இடத்தின் மதிப்பைச் சொல்ல இதைத்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

இனி, எனக்கு எல்லாவற்றிலும் மேலான பாட்டு. லெட் ஸெப்லின் என்ற இங்கிலாந்துக் குழு 1971 நவம்பரில் வெளியிட்ட நான்காவது இசைத்தட்டின் கடைசிப் பாட்டு, 'வென் தி லெவீ பிரேக்ஸ்'. கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதுதான் பொருள். 1927-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்து ஊர்களை விழுங்கியது. அதைப் பற்றி 1929-இல் மெம்ஃபிஸ் மின்னி, கான்ஸாஸ் ஜோ மெக்காய் என்ற கறுப்பினக் கலைஞர் இருவர் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டு இது. லெட் ஸெப்லின் அதை எடுத்து ஏழு நிமிடத்துக்கு விரித்தது.

அந்தக் குழுவின் ஜான் பானம் வாசித்த டிரம்ஸைக் கேளுங்கள். ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கல் வீட்டின் கூடத்தில், மாடிப்படியின் அடியில் டிரம்ஸை வைத்தார்கள். ஒலிவாங்கி இரண்டை மேல் தளத்திலிருந்து தொங்கவிட்டார்கள். அதனால் நாம் கேட்பது தோலில் விழும் அடி மட்டும் இல்லை. அந்த அடி சுவரேறி, கூரை தொட்டு, திரும்பி வருகிற பயணத்தையும் சேர்த்துக் கேட்கிறோம். திரும்பி வர அவகாசம் வேண்டுமே, அதனால் காலப்பிரமாணம் நிதானம். தெருவில் காவடியோடு வரும்போது ஒரு மாதிரி ஒலிக்கிற தவில், கோயில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் நெஞ்சில் வந்து மோதுமே, அது மாதிரி. வேகமாக வாசித்திருந்தால் ஓர் அடி இன்னோர் அடியை மிதித்திருக்கும். பானம் பலசாலி என்று எல்லாரும் சொல்வார்கள். அவருடைய பொறுமையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

டர்பன்காரர்களுக்கு இந்தப் பாட்டு வேறு விதமாகவும் கேட்கும். 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தில் காய்கறி பயிரிட்டுக் குடியிருந்த நம்மவர்களை அடித்துக்கொண்டு போனது. படவட்டான் குடும்பத்தின் பெயரால் அழைக்கப்படும் ஆறு மீனவர்கள் படகை இறக்கி, 176 பேரைக் கரை சேர்த்தார்கள் என்று இங்கே தலைமுறைக்குத் தலைமுறை சொல்லி வருகிறோம். 2022 ஏப்ரலில் திரும்பவும் மழை. நம் குவாஸூலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் மாண்டார்கள். ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் வாரக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல், வாளியைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்து நின்றோம். அந்த நாட்களில் இந்தப் பாட்டை என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை. பிறகு கேட்டபோது ஒன்று விளங்கியது. வெள்ளத்தைப் பாடுகிற பாட்டு வெள்ளத்தைப் போலப் பதறி ஓடக்கூடாது. மழை நிற்காமல் பெய்வதைப் போல, அதே அடி, அதே இடம், அதே கனம். மெம்ஃபிஸ் மின்னிக்கு அது தெரியும், அவருடைய பழைய பதிவும் அவசரப்படாது.

லெட் ஸெப்லினின் இன்னொரு பாட்டையும் விட மனமில்லை. 1975-இல் வந்த 'காஷ்மீர்'. பெயர்தான் காஷ்மீர், பாடகர் ராபர்ட் பிளான்ட் வரிகளை எழுதத் தொடங்கியது மொராக்கோவின் தெற்கே, நேராக நீண்டு கிடந்த ஒரு பாலைவனச் சாலையில். ஜிம்மி பேஜ் இதற்குக் கிட்டாரைச் சுருதி சேர்த்த விதத்தை நம் பாஷையில் சொன்னால், ஸ ப ஸ ம ப ஸ. தாளம் அதைவிட அழகு. டிரம்ஸ் நான்கில் நடக்கிறது, கிட்டார் மூன்றில் ஏறுகிறது. ஒரு கையால் தகதிமி, இன்னொரு கையால் தகிட போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை இரண்டும் சமத்தில் வந்து விழும். அந்த இடத்தில் 'ஆகா' என்று சொல்லத் தோன்றினால், நீங்கள் நல்ல ரசிகர்.

நம் ஊர்க் கலைஞர்களையும் சொல்லியாக வேண்டும். ஃப்ரீடம்ஸ் சில்ட்ரன் டர்பனில் தொடங்கிய குழு. 1970-இல் வந்த அவர்களுடைய 'ஆஸ்ட்ரா' இன்றைக்கும் கேட்கத் தகுந்தது. டர்பனின் ஃபத்தார் சகோதரர்களும் ப்ளாண்டி சாப்ளினும் சேர்ந்த தி ஃப்ளேம்ஸ், 1968-இல் 'ஃபார் யுவர் ப்ரெஷஸ் லவ்' பாடி நாட்டையே மயக்கினார்கள். நிறவெறிச் சட்டங்கள் மேடையையும் அரங்கத்தையும் தோல் நிறம் பார்த்துப் பிரித்த காலம் அது. அவர்கள் லண்டனுக்குப் போனார்கள். அங்கே அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழுவைச் சேர்ந்த கார்ல் வில்சன் கேட்டு வியந்து, 1970-இல் அவர்களுடைய இசைத்தட்டைத் தயாரித்தார். ரிக்கி ஃபத்தாரும் சாப்ளினும் 1972-இல் பீச் பாய்ஸ் குழுவிலேயே சேர்ந்தார்கள். நம் தெருக்களில் நடந்தவர்கள். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

வெளிநாட்டுக் குழுக்கள் அந்நாளில் இங்கே வருவது அரிது. நிறவெறி ஆட்சியை எதிர்த்து, கலைஞர்கள் இங்கே வரக்கூடாது என்ற கலாசாரப் புறக்கணிப்பு இருந்தது, அது சரியானது என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பக்கத்து மொசாம்பிக்கின் லோரன்சு மார்க்கெஸிலிருந்து, இன்றைய மாபுட்டோவிலிருந்து, வந்த எல்.எம். ரேடியோ 1975-இல் நின்றுபோகும் வரை, நம்மில் பலருக்கு அதுதான் ஜன்னல். குவீன் குழு அந்தப் புறக்கணிப்பை மீறி 1984-இல் இங்கே சன் சிட்டிக்கு வந்து பாடியதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களுடைய 1974 பாட்டு 'ஸ்டோன் கோல்ட் கிரேஸி'யை விடவும் முடியவில்லை. இரண்டும் உண்மை.

அடுத்தது ஏசி/டிசி குழு. 1980 பிப்ரவரியில் அவர்களுடைய பாடகர் பான் ஸ்காட் இறந்துபோனார். ஐந்து மாதம் கழித்து, ஜூலையில், பிரையன் ஜான்சன் என்ற புதுப் பாடகரோடு 'பேக் இன் பிளாக்' வந்தது. துக்கத்துக்காக அட்டை முழுக்கக் கறுப்பு. அந்தப் பெயருடைய பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடி, வெற்றிடம். மூன்று அடி, வெற்றிடம். மறுபடி மூன்று அடி. கிட்டார் வாசிக்கும் மால்கம் யங்கும் ஆங்கஸ் யங்கும் அந்த வெற்றிடத்தில் ஒரு கம்பியைக்கூட முனகவிடுவதில்லை. டிரம்ஸ் மட்டும் நடந்துகொண்டே இருக்கும். உள்ளங்கையால் கம்பியை அடக்கத் தெரிந்தவன்தான் இதை வாசிக்க முடியும். மிருதங்கத்திலும் வலப்பக்கத் தோலான வலந்தலையை அடிக்க ஒரு வருஷத்தில் வந்துவிடும். அடித்ததை அடக்கக் கற்றுக்கொள்ளப் பல வருஷம் ஆகும்.

நேரம் முடியப்போகிறது. கடைசிப் பாட்டு 1994 மார்ச்சில் வந்த இசைத்தட்டிலிருந்து. அடுத்த மாதம் 27-ஆம் தேதிதான் நாம் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று முதல்முறையாக வாக்களித்தோம். என் தங்கை மகன் அந்த நாட்களில் இதையே திரும்பத் திரும்பப் போட்டான். சியாட்டில் நகரத்து சவுண்ட்கார்டன் குழுவின் 'ஸ்பூன்மேன்'. அந்த ஊர்த் தெருக்களில் கரண்டிகளை வைத்தே தாளம் வாசித்து வந்த ஆர்டிஸ் என்ற கலைஞரைப் பற்றிய பாட்டு. நடுவில் கரண்டி வாசிப்பதும் அவரேதான். இதன் பெரும்பகுதி ஏழு எண்ணிக்கை. நம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு தெரிந்த வீட்டில் இதற்குத் தடுமாற மாட்டார்கள். சில இடங்களில் பாட்டு நான்குக்கு மாறும், அங்கே தாளத்தை விட்டுவிட்டுச் சும்மா கேளுங்கள், ஏழு திரும்பி வந்ததும் பிடித்துக்கொள்ளலாம்.

நிலையத்தார் இப்போது அதைப் போடப் போகிறார்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். தகிட தகதிமி, தகிட தகதிமி. வணக்கம்.