வால்ட்டர் ரீட் புல்வெளியில் தூண்டில்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

போரில் உடலுறுப்பை இழந்த முன்னாள் படைவீரர்களை மீன்பிடிக்க அழைத்துச் செல்வது பற்றிப் பேச வந்திருக்கிறேன். கேட்டவுடன் ஒருநாள் உல்லாசப் பயணம் என்றே பலருக்கும் தோன்றும். அந்த அளவோடு நின்றுவிட்டால் அதனால் பெரும்பயன் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதை விளக்க, அமெரிக்காவில் நடந்த ஒரு முயற்சியை எடுத்துக்கொள்கிறேன்.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சாலையோரக் குண்டுகளில் சிக்கிய அமெரிக்க வீரர்கள் பலர், முந்தைய போர்களாக இருந்தால் உயிர் பிழைத்திருக்க முடியாத காயங்களோடு ஊர் திரும்பினார்கள். கவச உடை நெஞ்சைக் காத்தது. களத்திலேயே குருதியை நிறுத்திய கட்டு உயிரைக் காத்தது. கைகால்களுக்குத்தான் அத்தகைய காப்பு இல்லை. அவர்களில் பலர் வாஷிங்டனில் இருந்த வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்ற எட் நிக்கல்சன், 2004-இல் தம்முடைய சிகிச்சைக்காக அங்கே தங்கியிருந்தபோது இந்த இளைஞர்களைக் கண்டார். மறு ஆண்டே அந்த மருத்துவமனையின் புல்வெளியில் அவர்களுக்குத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுக்கும் பணி தொடங்கியது. 'புராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ் ஃப்ளை ஃபிஷிங்' என்னும் அமைப்பு பிறந்தது அங்கேதான்.

முதல் பாடம் தண்ணீரே இல்லாத இடத்தில் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் குளத்தங்கரைகளில் மண்புழுவைக் கோத்து, தக்கை அசைவதைப் பார்த்துக் காத்திருக்கும் தூண்டிலுக்கும் இவர்கள் கற்பிக்கும் 'ஃப்ளை ஃபிஷிங்' முறைக்கும் வேறுபாடு உண்டு. இங்கே முள்ளில் கட்டப்படுவது, இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சிபோலச் செய்த ஒரு பொய் இரை. அதற்கு ஏறக்குறைய எடையே இல்லாததால் தூர எறிய முடியாது; கனமான தூண்டில் நரம்புதான் அதைச் சுமந்து செல்ல வேண்டும். கோலைப் பின்னுக்கு வீசியபின், நரம்பு முதுகுக்குப் பின்னால் முழுதாக நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, அதன்பிறகே முன்னுக்கு வீச வேண்டும். அவசரப்பட்டால் நரம்பு காலடியில் சுருண்டு விழும். வலிமையைக் கூட்டினாலும் பயனில்லை. வலிமையையே நம்பிப் பழகிய, அந்த வலிமையின் ஒரு பகுதியை இழந்துவிட்ட ஒருவருக்கு, வலிமை தேவைப்படாத ஒரு திறமை கைகூடுகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

ஒற்றைக் கையோடு இருப்பவர் என்ன செய்வார்? ஒரு கை கோலைப் பிடிக்க, மறு கை நரம்பை இழுப்பதுதான் வழக்கம். அவருக்காகக் கோலின் அடியை மார்போடு தாங்கும் பட்டை ஒன்று உண்டு. வீசிய கையே கோலை அதில் செருகிவிட்டு நரம்பை இழுக்கும். முடிச்சுப் போடப் பற்கள் துணைபுரியும். மின்னணுப் பாகங்கள் உள்ள செயற்கை முழங்கால்கள் பல நனையக் கூடாதவை என்பதால், ஆற்றில் இறங்குபவருக்கு வேறு கால் வேண்டியிருக்கும். வழுக்கும் கற்களின் மேல் நிற்கும்போது தோளோடு தோளாகத் துணைக்கு ஒருவரும் வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் படகிலிருந்தோ கரையில் அமைத்த மேடையிலிருந்தோ வீசலாம். டெக்சாஸில் 2007-இல் தொடங்கிய 'ஹீரோஸ் ஆன் தி வாட்டர்' என்னும் அமைப்பு, சிறிய கயாக் படகுகளில் வீரர்களை அழைத்துச் செல்கிறது.

ஆற்றுக்குச் செல்லும் நாளுக்கு முன் எத்தனை வகுப்புகள் இருக்கின்றன என்பதையே நான் முதலில் கேட்பேன். நிக்கல்சன் தொடங்கிய முயற்சியில், மேசையில் அமர்ந்து பொய்ப்பூச்சி கட்டுவது, கோல் செய்வது, புல்வெளியில் வீசிப் பழகுவது என்று வகுப்புகள் தொடர்ந்து நடக்கின்றன. வீரர்களிடம் கட்டணம் பெறுவதில்லை, கற்பிப்பவர்கள் தன்னார்வலர்கள். உறக்கம் கெட்டு, கூட்டத்தைக் கண்டால் பதறி, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் ஒருவருக்கு, குறித்த நாளில் தமக்காக ஒருவர் காத்திருப்பார் என்ற உறுதி, என்றோ ஒருநாள் பிடிக்கும் பெரிய மீனைவிட மதிப்புடையது. புகைப்படம் எடுத்து, கைகுலுக்கி, மாலையில் வீட்டில் இறக்கிவிட்டு மறந்துவிடும் பயணங்கள் இந்த உறுதியைத் தருவதில்லை. மறுநாள் காலையில் அவருடைய தனிமை கூடவும் கூடும்.

பிடித்த மீனைப் பெரும்பாலும் உண்பதில்லை. முள்ளை மெல்லக் கழற்றி, மீன் மூச்சு மீளும்வரை நீருக்குள் தாங்கிப் பிடித்து, பிறகு விட்டுவிடுகிறார்கள்.

கற்றுக்கொள்ள வந்தவர்களில் சிலர் பிறகு கற்பிப்பவர்களாகத் திரும்பி வருகிறார்கள். கையை இழந்து மருத்துவமனைக்குப் புதிதாக வந்திருக்கும் இளைஞருக்கு, முடிச்சின் ஒரு நுனியைப் பற்களால் எப்படிக் கவ்வ வேண்டும் என்பதைக் காட்ட, அதே வழியில் முடிச்சுப் போடப் பழகிய ஒருவர் எதிரே வந்து அமர்கிறார்.