கண்ணின் வெள்ளையில் தெரியும் நீலம்

(அம்பாசமுத்திரம் பகுதித் தாய்மார்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் முன் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆச்சிமார்களே, தாய்மார்களே, அங்கன்வாடிப் பணியாளர்களே, வணக்கம்.

பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் யார் சாயல் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, “கண்ணின் வெள்ளை ஏன் இப்படி நீலம் பாரித்திருக்கிறது?” என்று ஒருவர் கேட்டுவிடுவார். அன்று இரவு அந்தத் தாய்க்குத் தூக்கம் போய்விடும். கர்ப்பத்தில் எதைத் தின்றாளோ என்று பழியும் அவள் மேல்தான் விழும். அவள் தின்றதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கண்ணின் வெள்ளை என்று நாம் சொல்வது கொலாஜன் என்ற புரத நாரால் நெய்த ஓர் உறை. அதற்கு அடியில் கருநிறப் படலம் ஒன்று இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு மேலுறை மெல்லியது. கறுப்புத் துணிமேல் ஈர மல்துணியை விரித்தால் தெரிவதுபோல் அடியிலுள்ள நிறம் நீலமாகக் கசிந்து தெரிகிறது. குறைமாதப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதலாகத் தெரியும். மாதங்கள் செல்லச் செல்ல உறை தடித்து வெள்ளையாகிவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கதை இவ்வளவுதான். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துப் பயப்படாதீர்கள். பகலில் வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். உதடும் நாக்கும் நீலமாக இருந்தால் அது முற்றிலும் வேறு. அது இதயம் அல்லது நுரையீரல் சார்ந்தது. ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

சில பிள்ளைகளுக்கு மாதங்கள் கடந்தும் நீலம் மாறாது. அப்போது பெற்றோர் கண்களையும் பாருங்கள். அவர்களில் ஒருவருக்கும் அதே நீலம் இருந்து, சின்ன வயதில் அடிக்கடி எலும்பு முறிந்த கதையும் இருந்தால், எலும்பு எளிதில் முறியும் பரம்பரை நோயை நினைக்க வேண்டும். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்பது அதன் பெயர். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று. கண்ணின் உறைக்கும் எலும்புக்கும் பல்லுக்கும் அடிப்படை ஒரே வகைக் கொலாஜன். அதை உண்டாக்கும் மரபணுவில் பிழை இருந்தால் கண் நீலமாகும், எலும்பு நொறுங்கும், வளர்ந்தபின் காதும் மந்தமாகலாம். பெற்றோர் இருவருக்கும் எதுவும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகவும் தோன்றும். இதன் சில வகைகளில் கண் வெள்ளையாகவே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆச்சிமார்களிடம் இந்த இடத்தில் ஒன்றை வேண்டிக் கேட்கிறேன். கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கையையும் காலையும் குறுக்கே மடக்கி நீவிவிடுகிறீர்கள். ஓயாமல் அழுதால் உரம் விழுந்துவிட்டது என்று சேலையில் போட்டு இருபுறமும் பிடித்து உருட்டுகிறீர்கள். இந்த நோயுள்ள பிள்ளைக்கு அந்த நீவலிலேயே தொடை எலும்பு முறியலாம். வலியில் அழுகிற பிள்ளையை உரம் எடுக்கிறோம் என்று உருட்டினால் என்ன ஆகும்? ஒரு கையையோ காலையோ மட்டும் அசைக்காமல் பிள்ளை அழுதால், உருட்டாதீர்கள். எக்ஸ்ரே எடுங்கள்.

எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்ததும் வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். யார் கீழே போட்டது, யார் அடித்தது என்று கேட்டுத் தாயைக் கூண்டில் ஏற்றுவார்கள். மருத்துவர்களாகிய நாங்களும் அவளைச் சந்தேகிப்பதுண்டு. கேள்வி கேட்பது எங்கள் கடமைதான்; ஆனால் கேட்பதற்கு முன் அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்ப்பதும் எங்கள் கடமை.

இன்னொரு நீலமும் உண்டு. கண்ணில் பிறவியிலேயே நீரழுத்தம் கூடினால், பிள்ளையின் விழி அழுத்தம் தாங்காமல் விரியும். உறை இழுபட்டு மெலிந்து நீலமாகும். நாமோ “என்ன அழகான பெரிய கண்!” என்று கொஞ்சித் திருஷ்டிப் பொட்டு வைப்போம். கண்ணில் நீர் வழிகிறதா, வெளிச்சம் பட்டால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, கருவிழி மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அந்த வாரமே கண் மருத்துவரிடம் போக வேண்டும். இதற்குத் தேவை அறுவை சிகிச்சை. தாமதித்தால் போன பார்வை திரும்பாது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே திருமணம் முடித்த குடும்பங்களில் இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல். உறவை நான் குறை சொல்லவில்லை. அந்த வீடுகளில் இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன்.

இரும்புச்சத்துக் குறைவிலும் கண் நீலம் பாரிக்கும். 1908-லேயே வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் இதைக் குறித்திருக்கிறார். கொலாஜன் சரியாக முறுக்கேற இரும்பு வேண்டும். ஆறு மாதத்துக்குப் பின்னும் பசும்பாலை மட்டுமே புகட்டினால் பிள்ளை வெளிறிப்போகும். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து மருந்து அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டு வாங்குங்கள்.

எலும்பு நோய்க்கு முழுக்குணம் இன்று இல்லை. ஆனால் எலும்பை உறுதிப்படுத்த ஊசி வழியே ஏற்றும் மருந்துகள் இருக்கின்றன, பயிற்சிகள் இருக்கின்றன, இப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ப் படிக்கிறார்கள். தூக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. துணி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்து உயர்த்தக் கூடாது. தலைக்கும் இடுப்புக்கும் அடியில் விரித்த கை கொடுத்து மெல்ல ஏந்துங்கள். நோய் உறுதியானதும், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி ஆனாலும் வேறு எதுவானாலும், மருத்துவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: இந்தப் பிள்ளைக்கு எலும்பு எளிதில் முறியும், கவனமாகத் தொடவும் என்று. அதைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்து, எங்கே போனாலும் பிள்ளையை யாரிடமும் கொடுக்கும் முன் நீட்டுங்கள்.