உருளைக்கிழங்கு படம் ஏன் இடம் வலம் மாறியிருக்கு?

டச்சு ஓவியர் வான்கோவோட ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஓவியத்துல காபி ஊத்துற அம்மா வலது ஓரம் இருக்காங்க, 1885-ல வந்த கல்லச்சுப் பிரதியில இடது ஓரம் இருக்காங்களே, இதுல சமூக விமர்சனம் ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு ஒரு நேயர் கேட்டிருக்கார்.

ஒண்ணும் இல்லீங்க. கல்லச்சுன்னா (லித்தோகிராஃப்), சுண்ணாம்புக்கல் மேல எண்ணெய்ப்பசை உள்ள கிரேயானால வரைவாங்க. அப்புறம் பிசினும் கொஞ்சம் நைட்ரிக் அமிலமும் கலந்து பூசுவாங்க. ஈரப்படுத்தி மை உருட்டினா பசை உள்ள இடம் மட்டும் மையைப் பிடிக்கும், ஈரமான கல் தள்ளிவிட்டுடும். அது மேல தாளை வச்சு அழுத்தினா, கல்லுல வலது பக்கம் வரைஞ்சது தாள்ல இடது பக்கம்தான் விழும். வான்கோ நினைவுல இருந்து ஒரே நாள்ல நேரா கல்லுலயே வரைஞ்சுட்டார், திருப்பிப் போடல, அவ்வளவுதான்.

1882-ல ஹேக் நகரத்துல இந்தச் சிக்கல் அவருக்கு வரல. அப்ப மாற்றுத்தாள்ல, அதாவது படத்தைக் கல்லுக்கு மாத்துற தாள்ல வரைஞ்சார். தாளை நனைச்சு, கல்லு மேல கவுத்துப் போட்டு அழுத்துவாங்க. கல்லுல ஒரு தடவை, அச்சுல ஒரு தடவைன்னு ரெண்டு முறை திரும்புறதால படம் நேரா வந்துடும். ஆனா கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல உள்ள சாம்பல் சாயல் கொஞ்சம் தொலைஞ்சுபோகும்.

1885 பிரதியோட உண்மையான கோளாறு வேற. கல்லுல வெள்ளையே விடாம இருட்டா வரைஞ்சு வச்சிருந்தார். ஈரம் நிக்க வெறும் கல் வேணும்ல? இல்லேன்னா மை அப்பிக்கும். அச்சுக்காரர் சொன்னார்னு சில இடங்களை அமிலத்தால அரிச்சு வெளிச்சமாக்கினாங்க. அதான் படம் மங்கலாத் தெரியுது. நண்பர் வான் ராப்பார்ட் அந்தப் பிரதியை மட்டும் பார்த்துட்டுக் கடுமையா எழுத, நட்பே முறிஞ்சுபோச்சு. அப்ப ஓவியத்தை அவர் பார்த்திருக்கவே இல்ல, பாவம்.

விமர்சனம் எங்கன்னு கேட்டா, விலையில தேடுங்க. தொழிலாளர் வீட்டுலயும் குடியானவர் வீட்டுலயும் மாட்டுறதுக்கு 30 படம், ஒண்ணு 10 சென்ட், மிஞ்சிப்போனா 15. இது 1882-லயே அவர் கடிதத்துல போட்ட திட்டம். தொடர் வரவே இல்ல. ஆனா ஹேக்ல முதியோர் இல்லத்துத் தாத்தா ஒருத்தரை வரைஞ்ச கல்லைப் பார்த்துட்டு, அச்சகத்து ஆட்களே சுவத்துல மாட்ட ஒரு பிரதி கேட்டிருக்காங்க.