94-லயே நிக்குதா? முதல்ல வயரைப் பாருங்க

[திரையில்: ஸ்பீட் டெஸ்ட் முள் 94-ல் நிற்கிறது]

வணக்கம். இது மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல எங்க சித்தப்பா வீடு. தோட்டத்து லயத்தை விட்டு வந்து தாமான்ல, அதாவது குடியிருப்புப் பகுதியில, வாங்குன வீடு. போன மாசம் 1 ஜிகாபிட், அதாவது 1000 மெகாபிட் இன்டர்நெட் லைன் போட்டாரு. ஸ்பீட் டெஸ்ட் பண்ணா 94 மெகாபிட். ராத்திரி 2 மணிக்குப் பண்ணாலும் அதே 94. "பத்துல ஒரு பங்குகூட வரல, ஏமாத்திட்டானுங்கடா"ன்னு திட்டுறதுக்குப் போனை எடுத்துட்டாரு.

"இருங்க சித்தப்பா. வெளிய கோளாறுன்னா எண்ணு ஏறி இறங்கும். இது ஆடாம அசையாம நிக்குது. கோளாறு வீட்டுக்குள்ளதான்."

94-க்கு ஒரு அர்த்தம் இருக்கு. 100 மெகாபிட் இணைப்புல, டேட்டாவோட சேர்ந்து போற முகவரி, சரிபார்ப்பு எல்லாம் கழிச்சா கைக்கு வர்றது அவ்வளவுதான். அதே கணக்குல ஜிகாபிட்டுக்கு 940 கிட்ட வரும். அதனால 940 வந்தா சண்டைக்குப் போகாதீங்க, முழுசா கிடைச்சிருச்சு.

[திரையில்: வெட்டிய வயரின் நுனி, நாலு ஜோடி நிறங்கள்]

ரூட்டர்ல சொருகுற லேன் வயரைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெள்ளைக் கோடு போட்ட ஜோடி. மொத்தம் 8 கம்பி. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும். 100-க்கு நாலு போதும். நீலத்துலயோ பழுப்புலயோ ஒரு கம்பி அறுந்தா போதும், பல கருவிங்க சத்தமே போடாம 100-க்கு இறங்கிடும். நெட்டு ஓடிக்கிட்டே இருக்கும், அதனால யாருக்கும் சந்தேகம் வராது.

லேப்டாப்ல வயரைச் சொருகி, செட்டிங்ஸ்ல ஈதர்நெட் பக்கத்துல லிங்க் ஸ்பீட் பாருங்க. 1000/1000-ன்னு இருக்கணும். சித்தப்பா வீட்ல 100/100. சீலிங்குக்கு மேல ஏறிப் பார்த்தா, எலி பழுப்பு ஜோடியைக் கடிச்சு வச்சிருக்கு! செம்பனைத் தோட்டத்துல எலி பிடிக்க ஆந்தை வளர்க்குறாங்க. நம்ம சீலிங்குக்கு யாரு வளர்க்குறது?

எலி இல்லாத வீட்டுக்கு இன்னொரு வில்லன் இருக்கு, பழைய ரூட்டர். அட்டைப்பெட்டியில 1200-ன்னு பெருசா போட்டிருக்கும். அது வைஃபையோட ரெண்டு அலைவரிசை, 2.4 கிகாஹெர்ட்ஸோட 300-ம் 5 கிகாஹெர்ட்ஸோட 867-ம் கூட்டி, மேல ஏத்திச் சொன்ன கணக்கு. மலிவு மாடல் பலதுல பின்னாடி வயர் சொருகுற இடம் வெறும் 100-தான். முன்னாடி எவ்வளவு ஆன்டெனா நின்னா என்ன?

வைஃபைக்கு வருவோம். பின் ரூம்ல போனை வச்சு டெஸ்ட் பண்ணி 940 கேக்குறது நியாயமே இல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல பெரும்பாலும் 100-ஐத் தாண்டாது. 5 கிகாஹெர்ட்ஸ்ல, வைஃபை 5-ங்கிற தலைமுறையைச் சேர்ந்த சாதாரண போன்னா, பக்கத்துல நின்னா 500, 600 வரும். ரெண்டு செங்கல் சுவர் தாண்டுனா சரசரன்னு இறங்கிடும். எங்க சித்தி ரூட்டரை இரும்பு அலமாரிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருந்தாங்க, அசிங்கமா இருக்காம்! வெளிய எடுத்து உயரத்துல வச்சோம். மெஷ், அதாவது வீடு முழுக்க வைஃபை பரப்புற பெட்டிங்க, வாங்கினாலும் ரெண்டு பெட்டிக்கும் நடுவுல வயர் போட முடிஞ்சா போட்டுருங்க.

இன்னொண்ணு. கேம் இறங்கும்போது 110-ன்னு காட்டினா பதறாதீங்க. அது மெகாபைட். 8 மெகாபிட் ஒரு மெகாபைட். ஜிகாபிட்டோட உச்சமே 125-தான்.

[திரையில்: புது வயர், பிளேடு]

புது வயர் போட்டதும் சித்தப்பா வீட்ல 938. வயர் வாங்கும்போது உறையில அதோட தரம் கேட் 5இ (Cat 5e), இல்லாட்டி கேட் 6-ன்னு அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. வீட்டு ஜிகாபிட்டுக்கு 5இ போதும். அதுக்கு மேல விலை சொன்னா, "இது போதும் அண்ணே"ன்னு சொல்லிடுங்க. ஆனா செம்பான்னு பாருங்க. செம்பு பூசின அலுமினியமும் கடையில ஓடுது. ஒரு கம்பி நுனியை பிளேடால லேசா சுரண்டுங்க. உள்ளேயும் செம்பு நிறம்னா எடுத்துக்கோங்க. வெள்ளையாத் தெரிஞ்சா கடையிலேயே திருப்பிக் குடுத்துருங்க.