இரண்டு சின்னப்பா, ஐந்து சின்னப்பா

அவையில் கூடியிருக்கும் பினாங்குத் தமிழ்ப் பெருமக்களே, தாய்மார்களே, வணக்கம்.

அந்தக் கால நடிகர் பி.யு.சின்னப்பா என்றதும் பெரியவர்களுக்கு முதலில் பாட்டுத்தான் நினைவுக்கு வரும். இன்று பாட்டைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு அவருடைய தொழிலைப் பேசலாம். ஒரே ஆள் திரையில் இரண்டு பேராக, மூன்று பேராக, ஐந்து பேராக நின்றாரே, அது எப்படிக் கைகூடியது? கேமரா பாதி வேலைதான் செய்தது, மீதிப் பாதியைச் செய்தது சிறுவர்களை நடிக்க வைத்த பாலர் நாடகக் கம்பெனி என்பது என் கட்சி.

1916 மே 5-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை உலகநாத பிள்ளையும் நாடக நடிகர்தான். பையன் சிறு வயதிலேயே மேடையேறி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட்டாக, அதாவது கதாநாயக வேடக்காரராக உயர்ந்தார். அங்கே அவரோடு நடித்த, அவரைவிட இளைய பையன்களில் ஒருவர் எம்.ஜி.ஆர்.

அந்தக் கம்பெனி வாழ்க்கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாடகம் இரவில் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. தரை டிக்கெட்டில் கடைசியாக உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். கீழ்ச்சுருதிக் குரல் கொட்டகையின் இரைச்சலில் கரைந்துபோகும் என்பதால் நாலு கட்டைச் சுருதி, அதற்கும் மேலே எடுத்துப் பாட வேண்டும். பாடத்தைப் பொறுத்தவரை, பையன் தன் வசனத்தை மட்டும் படித்தால் போதாது, எதிராளியின் வசனமும் மனப்பாடமாக வேண்டும். இன்று ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவன் அந்த வேடத்தைக் கட்டியாக வேண்டுமே! இதை நினைவில் வையுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

நம் ஊருக்கும் இதில் ஓர் உறவு உண்டு. ஓவியம் தீட்டிய படுதாக்கள், ஒரு சீன் போய் அடுத்த சீன் வரும் ஏற்பாடு, ஆர்மோனியம் எல்லாம் தமிழ் மேடைக்குப் பார்சி நாடகக் குழுக்களின் வழியாகப் பரவியவை. அதே பார்சி நாடகம் பினாங்குக்கும் கப்பலேறி வந்தது. அதைப் பார்த்துப் பழகி 1880களில் இங்கே மாமாக் பூஷி என்பவர் தொடங்கியதுதான் பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகம். மதுரைக் கம்பெனியும் பினாங்குப் பங்சாவானும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பாலர் நடிகனின் எமன் மகரக்கட்டு, அதாவது பருவ வயதில் குரல் உடைவது. பதின்மூன்று, பதினான்கு வயதில் தொண்டை உடையும். மேல் ஸட்ஜத்தைத் தொடப் போனால் குரல் பிளந்துவிடும். அந்தச் சமயத்தில் பழைய கட்டைக்கே வலிந்து பாடினால் குரல் நிரந்தரமாகக் கெட்டுப்போகும். எத்தனையோ ராஜபார்ட் பையன்களின் கதை அதோடு முடிந்தது. சின்னப்பாவுக்கும் குரல் உடைந்தது. அவர் அந்தக் காலத்தை வீணாக்கவில்லை. சிலம்பம், குஸ்தி, பளு தூக்குதல் என்று உடம்பைக் கட்டினார், கர்நாடக சங்கீதத்தை முறையாகப் படித்தார். பின்னால் திரையில் அவர் வாள் வீசிய அழகு அங்கே விளைந்தது.

1936-இல் ராஜா சாண்டோ இயக்கிய 'சந்திரகாந்தா' அவருக்கு முதல் படம். அடுத்து வந்த சில படங்கள் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை. 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் 'உத்தம புத்திரன்' எடுத்தார். அதில் சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். தமிழ்ப் படத்தில் முதல் இரட்டை வேடம் அதுதான்.

அக்காலத்தில் இரட்டை வேடக் காட்சியை எடுத்த முறை இது. கேமராவைத் தரையோடு அசையாமல் பூட்டுவார்கள். லென்ஸுக்கு முன்னால் பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைத்துவிட்டு, திறந்த பாதியில் முதல் வேடத்தை எடுப்பார்கள். பிறகு லென்ஸை முழுதும் மூடி, பிலிமைத் தொடங்கிய இடத்துக்கே சுற்றிக் கொண்டுவருவார்கள். நடிகர் உடை மாற்றி வந்ததும், தகட்டை மறுபக்கம் மாற்றி, அதே பிலிமில் இரண்டாம் வேடம். 35 மில்லிமீட்டர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், அடிக்கு 16 பிரேம். சுற்றுவதில் 24 பிரேம் தவறினால் பதில் ஒரு விநாடி பிந்திவிடும். கேமரா மயிரிழை நகர்ந்தாலும் நடுவே கோடு தெரியும், அல்லது தூண் இரண்டாகும். முதல் வேடத்தின் கை தப்பித்தவறி நடுக்கோட்டைத் தாண்டினால் மணிக்கட்டோடு காணாமல் போகும். இரண்டாம் தடவையில் தவறு நேர்ந்தாலோ, நன்றாக வந்திருந்த முதல் பாதியும் சேர்ந்தே பாழ்.

கேமராக்காரரின் கஷ்டம் இவ்வளவு. நடிகரின் கஷ்டம் இதைவிடப் பெரிது. எதிரே ஆளில்லாத வெற்றிடத்தைப் பார்த்துப் பேச வேண்டும். எதிராளி பேசும் நேரத்துக்குச் சரியாக வாய்மூடி நிற்க வேண்டும். இன்னும் பேசப்படாத வசனத்துக்கு முகம் மாற வேண்டும். இரண்டு பாடத்தையும் மனத்துக்குள் ஓட்டத் தெரிந்தவனால்தான் இது முடியும். பாலர் கம்பெனி எதிர்ப்பாடத்தையும் உருப்போட வைத்தது என்றேனே, அந்தப் பயிற்சிக்குக் கிடைத்த கூலி இது.

1944-இல் பட்சிராஜா படக் கம்பெனியின் 'ஜகதலப்பிரதாபன்' வந்தது. அதில் ஒரு பாட்டுக் காட்சியில் பாடகரும் அவரே, பக்கவாத்தியக்காரர்களும் அவரே, ஆக ஐந்து சின்னப்பாக்கள். ஒரே சட்டகத்துக்குள் ஐவர் என்றால் மறைப்பும் ஐந்து, ஓட்டமும் ஐந்து. இங்கே வசனத்தின் இடத்தில் தாளம் வந்துவிடுகிறது. வசனத்தில் அரை விநாடி பிசகினால் ரசிகர் மன்னிப்பார், தாளத்தில் பிசகினால் பாட்டே சிரிப்பாகிவிடும். லயம் கையிலும் தோளிலும் ஊறியவர் என்பதால் அந்தக் காட்சி இன்றைக்கும் நிற்கிறது.

நடுவே 1942-இல் 'கண்ணகி'யில் கண்ணாம்பாவோடு கோவலனாக நடித்தார். அதைத் தனியாக ஒரு மாலை பேச வேண்டும். 1949-இல் 'மங்கையர்க்கரசி', மூன்று வேடம். 1951 செப்டம்பர் 23-இல் காலமானார். வயது 35தான்.

இன்று வீட்டுக்குப் போய் 'ஜகதலப்பிரதாபன்' பாட்டைப் போட்டுப் பாருங்கள். முதல் தடவை பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் தடவை ஒலியை நிறுத்திவிட்டு, பாடாத நான்கு சின்னப்பாக்களின் கண்களை மட்டும் பாருங்கள்.