ஒரு தாள் தர மறுத்தவர்கள் வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள்

வணக்கம் மக்களே. அதே மொட்டை மாடி, அதே தண்ணீர்த் தொட்டி, கையில் அதே சுக்குக் காபி. பின்னணி இசை வேண்டும் என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். போட மாட்டேன். பேச்சைக் கேட்க வந்த இடத்தில் எதற்கு இசை? செடிகளைக் கடைசியில் நேரமிருந்தால் காட்டுகிறேன். இன்றைக்கு மனம் முழுக்க வேறு விஷயம்.

நம் கிணற்றுப் பெண்ணுக்கு எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை கிடைத்துவிட்டது!

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். போன கோடையில் இராமநாதபுரம் பக்கம் எடுத்த வீடியோவில், அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றோடு கிணறு கிணறாகப் போய் நீர்மட்டம் அளந்துகொண்டிருந்தாளே, அவள்தான். நீங்கள்தான் அவளுக்குக் கிணற்றுப் பெண் என்று பெயர் வைத்தீர்கள். சிவில் இன்ஜினியரிங் இறுதியாண்டு. இனி இரண்டு ஆண்டுகள் நிலத்தடி நீரைப் பற்றி முதுகலை படிக்கப் போகிறாள். லிஸ்பனில் தொடங்கி, நெதர்லாந்தின் டெல்ஃப்ட், பிறகு ஜெர்மனியின் டிரெஸ்டன். ஒரே படிப்பு, மூன்று நாடுகள்.

எராஸ்மஸ் முண்டுஸ் ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் தொடங்கிய திட்டம். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு படிப்பை நடத்தும். குறைந்தது இரண்டு நாடுகளில் படித்தாக வேண்டும். தேர்வாகிறவர்களுக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. கைச்செலவுக்கு மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்களுக்கு. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே மாதம் 1,40,000 ரூபாய். கல்லூரி இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், வேலை அனுபவம் கட்டாயமில்லை. எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் இவ்வளவு பிரியம் இருப்பதற்கு அதுதான் காரணம்.

மின்னஞ்சல் வந்த அன்று அவள் வீட்டில் நான் இருந்தேன். அவள் அம்மா முதலில் கேட்ட கேள்வி, "நாம் எவ்வளவு கட்ட வேண்டும்?" கட்ட வேண்டாம், அவர்கள்தான் தருவார்கள் என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "சும்மா எதற்கம்மா தருவார்கள்? எதில் கையெழுத்து வாங்கினார்கள்?" நியாயமான கேள்வி. கல்விக் கடன் என்ற பெயரில் இந்த ஊரில் எத்தனை வீடுகள் பட்டிருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். கடிதத்தை வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டிய பிறகுதான் நம்பினார். நம்பிய பிறகு அவர் அழுததைப் படம் எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

அவள் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதன் வாசலில் ஒரு பேனர் கட்டியிருக்கிறார்கள். இருபதடி நீளம், பத்தடி உயரம். இடது பக்கம் தாளாளர் படம், வலது பக்கம் முதல்வர் படம், நடுவில் துறைத் தலைவர். அவள் படம் எங்கே என்று தேடினேன். கீழ் மூலையில், பாஸ்போர்ட் அளவுப் படத்தை வட்டமாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல், "எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தில் இடம்பெற்ற எங்கள் மாணவி" என்று எழுதியிருக்கிறது. மக்களே, எராஸ்மஸ் பல்கலைக்கழகம் என்று ஒன்று ராட்டர்டாமில் தனியாக இருக்கிறது. இந்தத் திட்டம் அதனுடையது இல்லை, அவள் அங்கே போகவும் இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரியாக எழுதியிருக்கலாம்.

பேனர் கட்டியதற்கா இவ்வளவு கோபம் என்று நினைக்காதீர்கள். அதே கல்லூரி, போன டிசம்பரில் இந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு லெட்டர்பேட் தாள் தர மறுத்தது.

விண்ணப்பத்தோடு இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். அதில் ஒன்றைப் பாடம் நடத்திய ஆசிரியர், கல்லூரியின் பெயர் அச்சிட்ட தாளில், கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தர வேண்டும். இவள் துறைத் தலைவரிடம் போனாள். "நீயே அடித்துக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றார். சரி, தாளாவது கிடைக்குமா என்று அலுவலகத்துக்குப் போனாள். தாளாளர் அனுமதி இல்லாமல் தர முடியாது என்றார்கள். அனுமதி கேட்கப் போனால், பஸ் கட்டணத்தில் 3,200 ரூபாய் பாக்கி இருக்கிறது, அதைக் கட்டினால்தான் பேச்சே என்றார்கள். அம்மா எங்கெங்கோ புரட்டிக் கொடுத்தார். கட்டினாள். ரசீதைக் கொண்டுபோய்க் காட்டினால், முத்திரை வைத்திருக்கிறவர் விடுப்பில் இருக்கிறாராம். முத்திரை மேசை இழுப்பறைக்குள்ளே, சாவி அவரிடம். 3,200 ரூபாய் ரசீதை அவள் இன்னும் வைத்திருக்கிறாள், எனக்குக் காட்டினாள். பஸ் கட்டணத்துக்கும் பரிந்துரைக் கடிதத்துக்கும் என்ன தொடர்பு? யாராவது ஒருவர் எனக்கு விளக்குங்கள். அந்த இருநூறு சதுர அடி பேனருக்கு எந்த அனுமதியும் தேவைப்படவில்லை, எந்தச் சாவியும் தேவைப்படவில்லை, ஒரே ராத்திரியில் கட்டிவிட்டார்கள்.

கடைசியில் காப்பாற்றியவர் அதே துறையில் இருக்கும் ஓர் இளம் உதவிப் பேராசிரியர். ஏதோ கருத்தரங்குக்காக வாங்கி மீந்த தாள்கள் அவருடைய அலமாரியில் இருந்திருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்து, நீயே எழுதி வா என்று சொல்லாமல், இரவு உட்கார்ந்து தானே எழுதினார். முத்திரைக்காரர் திரும்பி வந்த அன்று காலையிலேயே வாசலில் நின்று முத்திரையும் வாங்கிக் கொடுத்தார். அட, சொல்ல மறந்துவிட்டேன்: இரண்டாவது கடிதம், அவள் கோடையில் பயிற்சிக்குப் போன இடத்துப் பொறியாளர் கொடுத்தது. அதில் சிக்கலே இல்லை, கேட்ட மறுநாளே வந்துவிட்டது.

அந்த உதவிப் பேராசிரியரின் கடிதத்தை முடிவு வந்த பிறகு அவரே எனக்குப் படிக்கக் கொடுத்தார். நம் கல்லூரிகளில் ஒரு வார்ப்புக் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒழுக்கமானவர், பணிவானவர், கடின உழைப்பாளி, இவருடைய எதிர்காலம் ஒளிமயமாக அமைய வாழ்த்துகிறேன். பெயரை மட்டும் மாற்றினால் முப்பது பேருக்கும் பொருந்தும். எனக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. முப்பது பேருக்கும் பொருந்துகிற கடிதத்தை வைத்துக்கொண்டு தேர்வுக் குழு முப்பது பேரில் ஒருவரை எப்படி எடுக்கும்?

இவர் எழுதியது வேறு மாதிரி. கோடைக்கு முன்பும் மழைக்குப் பின்பும் அதே கிணறுகளில் இவள் நீர்மட்டம் அளந்தாள் என்று எழுதியிருக்கிறார். கயிற்றின் நுனியில் கட்டிய இரும்புத் துண்டு தண்ணீரைத் தொடும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டு, ஈரம் ஏறிய இடத்தைப் பிடித்து, வெளியே இழுத்து நாடாவில் அளந்தாள் என்று எழுதியிருக்கிறார். கையடக்க மீட்டரில் உப்பின் அளவும் பார்த்துக் குறித்திருக்கிறாள். இறால் பண்ணைகளை ஒட்டிய கிணறுகளில் உப்பு ஏறியிருப்பதை வகுப்பில் காட்டினாள். "நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுவது பற்றி நான் நடத்திய விளக்கம் அவளுடைய ஊருக்குப் பொருந்தவில்லை என்று தன் நோட்டை வைத்து நிறுவினாள், நான் என் பாடக்குறிப்பை மாற்றிக்கொண்டேன்" என்று ஓர் ஆசிரியர் தன் மாணவியைப் பற்றி எழுதியிருக்கிறார்! படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு குழு அவளை எப்படி விட்டுவிடும்?

உங்களில் பலர் மதிப்பெண்தான் எல்லாம் என்று நினைக்கிறீர்கள். இல்லை மக்களே. மதிப்பெண் வாசல் வரை கொண்டுபோய் விடும். உள்ளே இருக்கிறவர்களிடம் உங்களைப் பற்றிப் பேச வேண்டியவர் உங்கள் ஆசிரியர். இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. ராமானுஜன் கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் கடிதங்களின் பக்கம் யாரும் சொல்வதில்லை. எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரித் தேர்வில் தோற்றவர், பட்டம் இல்லை, சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா. 1913 பிப்ரவரியில், இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது ராமானுஜனின் கணிதக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். விதிப்படி பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடையாது. இருந்தும் மாதம் 75 ரூபாய் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு வந்திருந்த கணிதவியலாளர் நெவில் இன்னொரு கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 250 பவுண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு! 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறிவிட்டார். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டியின் பெயர் நமக்குத் தெரிகிறது. சென்னையில் பணத்தைப் பெயர்த்தது வாக்கரும் நெவிலும் எழுதிய காகிதங்கள்தான்.

ஆக்ஸ்போர்டில் படிக்கத் தரும் ரோட்ஸ் உதவித்தொகை பற்றிப் போன வீடியோவில் பாதியில் விட்டேன், அதையும் முடித்துவிடுகிறேன். செசில் ரோட்ஸ் என்ற மனிதரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆப்பிரிக்காவின் வைரத்தையும் நிலத்தையும் சுரண்டிச் சேர்த்த பணம் அது. பெண்களுக்கு 1977 வரை அந்த வாசல் திறக்கவே இல்லை. ஆனாலும் 1902-ல் வெளிவந்த அவருடைய உயிலில் ஒரு வரி சரியானது: தேர்வாகிறவர்கள் வெறும் புத்தகப் புழுக்களாக இருக்கக் கூடாது. அதனால்தான் அங்கே இன்றும் மதிப்பெண் பட்டியலோடு நிறுத்தாமல், உங்களை அறிந்தவர்கள் பலரிடம் கடிதம் கேட்கிறார்கள். இந்தியர்களுக்கு 1947 முதல் உண்டு. கிரீஷ் கர்னாட் அப்படித்தான் ஆக்ஸ்போர்டு போனார்.

கேம்பிரிட்ஜில் படிக்கத் தரும் கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகைக்கு, படிப்புக்கான இரண்டு கல்விப் பரிந்துரைகள் போக, உதவித்தொகைக்கென்றே மூன்றாவதாக ஒன்று வேண்டும். அங்கே தாள் சிக்கல் இல்லை, இணைப்பு நேராக ஆசிரியரின் மின்னஞ்சலுக்குப் போகும். ஆனால் அவருக்குக் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா, அதன் கடவுச்சொல் அவருக்கு நினைவிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. பட்டியல் சாதி மாணவர்கள் உள்ளிட்டோருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள். 2022-ல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அது கிடையாது என்று விதியை மாற்றினார்கள். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. தன் சமூகத்தைப் பற்றிப் படிக்க விரும்புகிற பிள்ளை எங்கே போகும்? பொறியியல், அறிவியல் படிப்பவர்கள் விடாமல் விண்ணப்பியுங்கள்.

பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகை பற்றிக் கேட்டவர்களுக்கு: வேலை அனுபவம் 2,800 மணி நேரம் வேண்டும், அதாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டு. கடைசி நாளில் நள்ளிரவு வரை நேரமிருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். அவர்கள் உலக நேரப்படி நண்பகல் 12 மணிக்கு மூடுவார்கள். நமக்கு மாலை ஐந்தரை.

ஆசிரியர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்புகள், தாள் திருத்தல், சேர்க்கைக்கு ஆள் பிடிக்கும் வேலை, எல்லாம் உங்கள் தலையில்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளையையே எழுதிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். இருபது வயதுப் பெண் தன்னைத் தானே புகழ்ந்து எழுதக் கூசுவாள். கூசிக்கொண்டு அந்த வார்ப்புக் கடிதத்தைத்தான் கொண்டுவருவாள். அவள் செய்த ஒரே ஒரு காரியத்தை, நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.

மாணவர்கள், பெரும்பாலான எராஸ்மஸ் படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பம் நடக்கும். கடிதத்தை டிசம்பரில் போய்க் கேட்காதீர்கள், ஆகஸ்டிலேயே கேளுங்கள். கேட்கும்போது, நீங்கள் அவர் வகுப்பில் என்ன செய்தீர்கள், எந்தத் திட்டப்பணி, என்ன முடிவு என்று அரைப்பக்கம் எழுதிக் கொடுங்கள். அது அவருக்கு நினைவூட்டல். கடிதத்தை அவர் எழுதட்டும். பாக்கி இருந்தால் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். லெட்டர்பேட் யாரிடம் இருக்கிறது, முத்திரை யாரிடம் இருக்கிறது என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.

ஐயோ, பண விஷயத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். அந்த 1,400 யூரோவுக்குள்தான் விமான டிக்கெட், விசா, வாடகை எல்லாம் அடக்கம். தனியாகப் பயணப்படி கிடையாது. முதல் தவணையும் பொதுவாக அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும். அதனால் டிக்கெட்டுக்கும் வாடகை முன்பணத்துக்கும் கையில் பணம் தயாராக இருக்க வேண்டும். நம் கிணற்றுப் பெண்ணுக்கு அதைத்தான் இப்போது திரட்டிக்கொண்டிருக்கிறோம். அவளுடைய தாய்மாமா டிக்கெட்டுக்குப் பொறுப்பேற்றிருக்கிறார். அந்த உதவிப் பேராசிரியரும் ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார், வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டேன் என்கிறார்.

செடிகளுக்கு நேரமில்லை, வெயில் ஏறிவிட்டது. அடுத்த வீடியோவில் அவளையே உட்காரவைத்து விசா விண்ணப்பத்தைப் பற்றிப் பேச வைக்கிறேன். போர்ச்சுகல் விசாவுக்கு என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள். கேள்விகள் இருந்தால் வியாழக்கிழமைக்குள் அனுப்புங்கள், அவளிடம் கேட்டுச் சொல்கிறேன். வருகிறேன் மக்களே.